நடுச் சுரங்கத்தில் ரயில் நின்றால் காற்று தீர்ந்துவிடுமா?

கேள்வி: 4 ஆகஸ்ட் 2024, இரவு 9.40

ஊர் பெயர் வேண்டாம், ஒரு பெருநகரச் சுரங்க ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று மாலை இரண்டு நிலையங்களுக்கு நடுவே வண்டி பத்து நிமிடம் நின்றுவிட்டது. ஏசி இரைச்சலும் அடங்கிவிட்டது. கால் வைக்க இடமில்லாத கூட்டம். பக்கத்தில் நின்ற அம்மா, "தம்பி, உள்ள இருக்கிற காத்து எவ்ளோ நேரம்ப்பா வரும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒருவர் கண்ணாடியை உடைக்க பைக் ஹெல்மெட்டை ஓங்கிவிட்டார். அதற்குள் வண்டி நகர்ந்தது. அவர் உடைத்திருந்தால் தப்பே இல்லை என்பது என் கருத்து. ஆக்சிஜன் தீர்ந்தால் முந்நூறு பேரும் போயிருப்போம். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

4 ஆகஸ்ட், இரவு 11.05

உடைக்கக் கூடாது. பதினொரு வருடம் டனல் வேலை பார்த்தவன் நான். அதில் ஏழு வருடம் காற்றோட்டமும் கேஸ் சோதனையும்தான் என் பொறுப்பு. ஆக்சிஜன் தீராது. ஏசி நின்றாலும் பேட்டரியில் ஓடும் அவசரக் காற்றாடி பெட்டியில் இருக்கும். வெளிக்காற்றை அது உள்ளே தள்ளும். டனல் நிறையக் காற்று இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, தூங்குங்கள்.

5 ஆகஸ்ட், காலை 6.20

இரவு எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். "பயப்பட ஒன்றுமில்லை" என்று ஒரே வரியில் முடித்தது தப்பு. தூக்கம் வராமல் எழுந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன்.

அந்த அவசரக் காற்றாடியும் ஓடவில்லை, கதவு இடுக்கில் துளிக்காற்றும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டிக்குள் சுமார் 120 கன மீட்டர் காற்று. முந்நூறு பேரின் உடம்பு அடைக்கும் இடத்தைக் கழித்தால் 100. சும்மா நிற்கிற ஒரு ஆள் மணிக்கு 18 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறான். முந்நூறு பேருக்கு 5400 லிட்டர், அதாவது 5.4 கன மீட்டர். பத்து நிமிடத்தில் பெட்டிக் காற்றில் 0.9 சதவீதம் ஏறிவிடும். எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த அளவே 0.5 சதவீதம்தான். அரை மணியில் 2.7. தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். முக்கால் மணியில் 4 சதவீதம். உடனே ஆளை வெளியேற்ற வேண்டிய அளவு அது. அந்த நேரத்தில் ஆக்சிஜன் 21லிருந்து 16 பக்கம் இறங்கியிருக்கும், தீர்ந்திருக்காது.

ஆக, நம் மூச்சே நமக்கு எதிரி ஆகிற நேரம் ஆக்சிஜன் தீர்வதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடுகிறது. அதற்கும் முன்னால் வெக்கை. ஒரு உடம்பு 100 வாட் சூடு விடும். முந்நூறு பேர் என்றால் 30 கிலோவாட் ஹீட்டரை மூடிய பெட்டிக்குள் போட்ட மாதிரி. மயங்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் வெக்கையில்தான் விழுகிறார்கள்.

உங்கள் பத்து நிமிடம் ஆபத்தில்லை. ஆனால் அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. நான் அதைத் தட்டிக்கழித்தேன்.

5 ஆகஸ்ட், இரவு 10.30

கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்போமே, அதுபோல ஒரு எளிய சோதனை போதாதா என்று மேலே ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

ஐயா, இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். எங்கள் ஊரிலும் செய்வார்கள். பாழுங்கிணறு தூர்வார இறங்கும் முன் லாந்தரைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. வேப்பங்கொத்தைக் கட்டி மேலும் கீழும் வாரி இறைப்பார்கள், காற்று கலங்கட்டும் என்று. நல்ல அறிவுதான், குறை சொல்லவில்லை. ஆனால் விளக்கு ஒன்றே ஒன்றைத்தான் சொல்லும்: ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டதா என்று. கார்பன் மோனாக்சைடை அது சொல்லாது. 1000 பிபிஎம், அதாவது காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஓரிரு மணி நேரத்தில் ஆள் செத்துப்போவான். லாந்தர் ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கும். கிணற்றுக்குள் ஆயில் எஞ்சினை இறக்கித் தண்ணீர் இறைத்துவிட்டு, அடைப்பெடுக்க இறங்கிய அண்ணன், அவனைத் தூக்க இறங்கிய தம்பி என்று போன குடும்பங்கள் நம் பக்கம் இருக்கின்றன. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் இடத்தில் மோனாக்சைடு 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக உட்காரும். நிறம் இல்லை, வாசனை இல்லை.

சாக்கடை வாயுவுக்கும் விளக்கு உதவாது. ஹைட்ரஜன் சல்பைடு துளி இருந்தாலே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பிபிஎம் பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. "இப்ப நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று மேன்ஹோல் வாயில் யாராவது சொன்னால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். மீத்தேன் இருக்கிற இடத்தில் விளக்கை இறக்குவது பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

7 ஆகஸ்ட், இரவு 9.15

கேள்விக்கு வருகிறேன். சுரங்க ரயிலில் கூட்டமாக ஆள் செத்தது காற்று தீர்ந்து அல்ல. புகையால். புகையாலும், அது போன பக்கத்தாலும்.

பாகு நகரம், அசர்பைஜான், 28 அக்டோபர் 1995, சனிக்கிழமை மாலை. உல்துஸ் நிலையத்திலிருந்து நரிமானோவ் நோக்கிக் கிளம்பிய ஐந்து பெட்டி ரயில், சுமார் 200 மீட்டர் போய் நின்றது. மின்கோளாறு, பின் பெட்டிகளில் தீ. டிரைவர் தகவல் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார். கதவுகள் லேசில் திறக்கவில்லை. உள்ளே எரிந்ததெல்லாம் பிளாஸ்டிக்கும் ரெக்சினும். தீ பின்னால் இருந்ததால் ஜனம் முன்பக்கமாக, தூரத்தில் இருந்த நரிமானோவ் பக்கம் நகர்ந்தது. கால் மணி நேரம் கழித்துக் காற்றோட்டத்தை உறிஞ்சும் முறைக்கு மாற்றினார்கள். புகை திரும்பி, ஜனம் போய்க்கொண்டிருந்த அதே பக்கம் வந்தது. 289 பேர். பெரும்பாலானவர்களைத் தீ தொடவே இல்லை. மோனாக்சைடு.

இதை முதல்முதலில் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன். வெளியே வந்து டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். டீ ஆறிப்போனது. விசிறி கெட்டுப்போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். விசிறி நன்றாகத்தான் ஓடியது.

எங்கள் தொழிலில் கற்றுக்கொடுப்பது இதுதான். தீ பிடித்தால் ஆள் போகிற பக்கத்திலிருந்து நல்ல காற்றைத் தள்ளு, மறுபக்கம் புகையை இழு. ஒரு நிலையத்து விசிறி ஊதும், அடுத்த நிலையத்து விசிறி உறிஞ்சும். காற்று போதிய வேகத்தில் போக வேண்டும். வினாடிக்கு இரண்டரை, மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், சைக்கிளில் நிதானமாகப் போகிற வேகம். அதற்குக் குறைந்தால் சூடான புகை கூரையை ஒட்டி எதிர்க்காற்றில் பின்னோக்கித் தவழும். பேக் லேயரிங் என்போம். கீழே நடக்கிறவனுக்கு முதலில் தெரியாது. தலைக்கு மேலே அவனைத் தாண்டிப் போய், ஆறிக் கனத்து, அவனுக்கு முன்னால் இறங்கும்.

7 ஆகஸ்ட், இரவு 11.50

"எல்லா விசிறியையும் உறிஞ்சும்படி ஓட்டினால் புகை இரண்டு பக்கமும் வெளியே போய்விடாதா?"

போகாது. வாஷிங்டனில் 12 ஜனவரி 2015 அன்று அதைத்தான் பார்த்தார்கள். லான்ஃபான்ட் பிளாசா நிலையத்தைத் தாண்டியதும் மூன்றாம் தண்டவாளத்தின், அதாவது ரயிலுக்கு மின்சாரம் தரும் தண்டவாளத்தின், கேபிளில் பொறி பறந்து புகை. ரயில் டனலுக்குள் நின்றது. இரு பக்கத்து விசிறிகளும் உறிஞ்சின. இருவர் இரு முனையிலும் இழுக்கிற கயிறு மாதிரி காற்று நடுவில் நின்றுவிட்டது, புகை ரயிலை விட்டு நகரவில்லை. அதோடு ரயிலின் சொந்தக் காற்றாடி வெளிப்புகையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் இறந்தார். எண்பதுக்கு மேற்பட்டோரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பெரிய தீயே இல்லை.

முதல் நாள் நான் நல்ல செய்தியாகச் சொன்னதைப் போன்ற, வெளிக்காற்றை உள்ளே தள்ளும் காற்றாடி இங்கே எமனாக மாறியிருக்கிறது. வெளியே புகை என்றால் அதை டிரைவர் உடனே நிறுத்த வேண்டும். இதையும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

10 ஆகஸ்ட், பகல் 1.10

"மின்சார ரயில்தானே, நிலக்கரிக் காலத்துப் பயத்தை ஏன் கிளப்புகிறீர்கள்?"

நிலக்கரிக் காலத்தை நான் தொடவே இல்லை. நீங்கள் தொட்டதால் சொல்கிறேன். லண்டனில் 1863 ஜனவரியில் உலகின் முதல் சுரங்க ரயில் நீராவி எஞ்சினோடுதான் ஓடியது. நாற்பது வருடத்துக்கு மேல் ஜனம் அந்தப் புகையைத்தான் சுவாசித்தது, 1905 வாக்கில்தான் அந்தத் தடம் மின்சாரத்துக்கு மாறியது. இத்தாலியில் பால்வானோ அருகே 1944 மார்ச்சில் ஒரு சரக்கு ரயில் மலைச்சுரங்க ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி நின்றது. போர்க்கால மட்டக் கரி. திருட்டுத்தனமாக ஏறியிருந்த ஏழைகள் 500க்கு மேல், உட்கார்ந்த இடத்திலேயே, தூங்குகிற மாதிரி.

மின்சாரம் வந்ததும் எஞ்சின் புகை போனது, சரி. கேபிள் உறை, சீட்டு, பயணியின் பை, செல்போன் பேட்டரி, இவையெல்லாம் எரியும். தென்கொரியாவின் தேகூ நகர மெட்ரோவில் 2003ல் ஒருவன் கொண்டுவந்தது பெட்ரோல். அதைத் தனியாக எழுதுகிறேன்.

18 ஆகஸ்ட், இரவு 8.00

"நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், அசர்பைஜான் கதை போதும்" என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். சொல்கிறேன். கம்பெனி பெயரும் ஊர் பெயரும் கேட்காதீர்கள்.

டிபிஎம், அதாவது சுரங்கம் குடையும் ராட்சத இயந்திரம், குடைந்து போகிற டனல். சுவருக்கு கான்கிரீட் வளையங்களை வரிசையாகப் பதித்துக்கொண்டே போவோம், அங்கே இடத்தை அந்த ரிங் எண்ணால்தான் சொல்வோம். ரிங் 640 என்றால் ஷாஃப்டிலிருந்து, அதாவது நாங்கள் இறங்குகிற செங்குத்துப் பள்ளத்திலிருந்து, சுமார் 900 மீட்டர். டீசல் லோகோ எஞ்சின் மண் வண்டிகளை இழுக்கும், திரும்பும்போது ரிங்குக்கான கான்கிரீட் துண்டுகளை, செக்மென்ட் என்போம், ஏற்றி வரும். தலைக்கு மேலே கூரையோடு கூரையாக ஒரு மஞ்சள் துணிக் குழாய், டக்ட். மேலே ஷாஃப்ட் வாயில் இருக்கிற ஃபேன் அதன் வழியாக டிபிஎம் வரைக்கும் காற்றை ஊதும். டக்ட் விறைப்பாக உப்பி இருந்தால் நல்லது. தொங்கினால் எங்கேயோ கிழிந்திருக்கிறது.

அன்று ரிங் 500 தாண்டியதுமே தொங்கிக்கொண்டிருந்தது. மண் வண்டி உரசி ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல். அங்கேயே பாதிக் காற்று கொட்டிவிட்டது. 640ல் சட்டை உடம்போடு ஒட்டுகிறது, விளக்கைச் சுற்றி நீலமாக ஒரு மூட்டம். என் நெஞ்சில் மாட்டிய கேஸ் மீட்டர் CO, அதாவது கார்பன் மோனாக்சைடு, 22 பிபிஎம் காட்டியது. லோகோ தாண்டிப் போனதும் 31, 38. கத்த ஆரம்பித்தது, சிவப்பு விளக்கு. எதிரே வந்த பையனின் மீட்டரைப் பார்த்தேன். CO பூஜ்ஜியம். இருவருக்கும் நடுவே இரண்டடிகூட இல்லை.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். முகப்பில் நான்கு சின்ன வட்ட ஓட்டைகள் இருக்கும், ஒவ்வொரு வாயுவுக்கு ஒன்று. CO ஓட்டையின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப், நகம் அளவுக்கு வெட்டி, ஓரம் மடிக்காமல் நேர்த்தியாக ஒட்டியிருந்தது. மற்ற மூன்றும் திறந்தே இருந்தன. ஆக்சிஜன் ஓட்டையை அடைத்தால் அளவு தானாக இறங்கிக் கத்தும் என்பதை அனுபவத்தில் கண்டுபிடித்திருக்கிறான்.

"சும்மா சும்மா கத்துது சார். லோகோ வந்தாலே கத்துது. கத்தினா வேலை நிக்குது, நின்னா என்னைத்தான் திட்டுறாங்க."

இருபத்திரண்டு வயதுப் பையன். அவன் மேல் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. ஒன்பது நாளாக அந்த மீட்டரின் பதிவுத்தாளில் CO பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்றுதான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே என் கையெழுத்து. டீசல் லோகோ ஓடுகிற டனலில் ஒன்பது நாளும் பூஜ்ஜியம் வராது. அதைப் பார்க்கிற வேலைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

அன்றைக்கு ஆள் எல்லாரையும் வெளியே கொண்டுவந்தோம். மூன்று பேருக்குத் தலைவலி, ஒருவர் வாந்தி எடுத்தார். அதோடு போனது. கிழிசலைத் தைக்க நாற்பது நிமிடம் ஆனது. வேலை நின்ற நேரத்துக்கு மேலிடத்தில் பதில் சொல்ல நான்கு நாள் ஆனது.

மறுநாளிலிருந்து ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் பம்ப் டெஸ்ட் (bump test). அளவு தெரிந்த கேஸ் சிலிண்டரைக் காட்டி, அந்த அளவைக் காட்டுகிறதா, கத்துகிறதா என்று பார்ப்பது. ஒரு மீட்டருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் மீட்டரை மாட்டிக்கொண்டு இறங்குகிற தம்பிகள் இங்கே யாராவது இருந்தால், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், நாளையிலிருந்து செய்யுங்கள்.

19 ஆகஸ்ட், காலை 7.00

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. தலைவலிக்கு CO மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. டீசல் புகையில் நைட்ரஜன் டை ஆக்சைடும் உண்டு, வெக்கையும் இருந்தது. 38 பிபிஎம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் வாந்தி வரவைக்காது. மீட்டர் பார்க்காத இடத்தில், டிபிஎம் பக்கத்தில், எவ்வளவு இருந்தது என்று எங்களிடம் பதிவு இல்லை. அதுதான் டேப் செய்த வேலை.

1 செப்டம்பர், இரவு 9.30

பாகு பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் தீக்கு எதிர்ப்பக்கம் ஓடக் கூடாதா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். நான் அப்படிச் சொல்ல வரவில்லை, ஆனால் என் எழுத்து அப்படித்தான் படிக்கிறது. திருத்துகிறேன்.

காற்று எந்தப் பக்கத்திலிருந்து முகத்தில் அடிக்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். அது தீ இல்லாத பக்கமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சில நேரம் தீயைத் தாண்டியும் இருக்கும். ஆஸ்திரியாவில் கப்ரூன், 11 நவம்பர் 2000. செங்குத்தான மலைச்சுரங்கத்தில் கேபிளில் ஏறுகிற ரயில், பனிச்சறுக்குக்காரர்கள். கீழ்முனையில் ஒரு மின்ஹீட்டர் பற்றியது. கதவு திறக்கவில்லை, பனிச்சறுக்குக் கட்டையால் ஜன்னலை உடைத்தார்கள். வெளியே வந்தவர்கள் தீயை விட்டு விலகி மேலே ஓடினார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் ஓடுவோம். சாய்ந்த சுரங்கம் புகைபோக்கி ஆகிவிட்டது. கூட்டத்தில் தீயணைப்புப் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார். தீயைத் தாண்டிக் கீழே வாருங்கள் என்றார். அவரையும் சேர்த்துக் கீழே வந்த 12 பேர் பிழைத்தார்கள். 155 பேர் இறந்தார்கள். அதில் சிலர் சுரங்கத்துக்கு வெளியே, மேலே இருந்த நிலையத்தில் நின்றவர்கள். அங்கே வரைக்கும் புகை போயிருக்கிறது.

நகர மெட்ரோவில் அவ்வளவு செங்குத்து கிடையாது, இப்போதைய டனல்கள் பெரும்பாலும் இரட்டைக் குழாய், போக ஒன்று, வர ஒன்று. சுமார் 250 மீட்டருக்கு ஒரு குறுக்கு வழி வைப்பது வழக்கம், தீ இல்லாத குழாய்க்குப் போய்விடலாம். அதனால் கப்ரூனை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தாதீர்கள். காற்று வருகிற பக்கம் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

15 செப்டம்பர்

சொன்னபடி தேகூ, தென்கொரியா. ஒரே ஊரில் இரண்டு.

18 பிப்ரவரி 2003. ஒருவன் ரயிலில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினான். அந்த ரயிலிலிருந்து நிறையப் பேர் தப்பிவிட்டார்கள். எதிர்த்திசையில் வந்த இரண்டாவது ரயிலைப் புகை நிறைந்த நிலையத்துக்குள் வர விட்டார்கள். மின்சாரம் போய் அது அங்கேயே நின்றது. டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார், கதவுகள் பூட்டிக்கொண்டன. 192 பேர், பெரும்பாலோர் அந்த இரண்டாவது ரயிலில்.

அதே ஊரில் 28 ஏப்ரல் 1995. மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த இடம். தப்பு நடந்தது அங்கே இல்லை. பக்கத்துக் கட்டட வேலையில் துளை போட்டபோது எரிவாயுக் குழாய் உடைந்தது. கேஸ் மெட்ரோ பள்ளத்துக்குள் வந்து தேங்கி வெடித்தது. 101 பேர், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் நிறைய. பள்ளம் நம்முடையது, கேஸ் அடுத்தவருடையது. அதனால்தான் மீட்டரில் மீத்தேனுக்கும் ஓர் ஓட்டை இருக்கிறது, நம் வேலையில் கேஸே இல்லாவிட்டாலும்.

20 அக்டோபர், இரவு 10.10

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். அந்த அம்மாவை அதே ரயிலில் மறுபடி பார்த்தாராம், என்ன பதில் சொல்ல என்கிறார்.

இதைச் சொல்லுங்கள், அவருக்குப் புரிகிற மாதிரி. வண்டி நின்று புகை இல்லையென்றால் உள்ளேயே இருப்பது நல்லது. கதவருகே இருக்கிற பொத்தானை அழுத்தி டிரைவரிடம் பேசுங்கள், ஏசி நின்றதைச் சொல்லுங்கள், யாராவது மயங்கினால் சொல்லுங்கள். முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் உட்கார வையுங்கள். தண்ணீர் இருந்தால் பகிருங்கள். தாங்களாகக் கதவைத் திறந்து தண்டவாளத்தில் குதிக்க வேண்டாம், மின்சாரமும் எதிர் வண்டியும் இருக்கும். இறங்கச் சொன்னால் ஓரத்து நடைபாதையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சொல்கிற பக்கம் மட்டும். அந்தப் பக்கத்திலிருந்துதான் விசிறி ஊதிக்கொண்டிருக்கும். பெட்டிக்குள்ளேயே புகை வந்தால் ஈரத்துணியை நம்பி நிற்காதீர்கள், துணி கரியை வடிகட்டும், மோனாக்சைடை வடிகட்டாது. புகை இல்லாத பெட்டிக்கு நகருங்கள்.

ஹெல்மெட் ஓங்கியவருக்கும் சொல்லுங்கள். கண்ணாடியை உடைத்த பிறகு வெளியே புகை வந்தால் அதை மூட வழியில்லை. பெட்டிக்குள் தீ, கதவு திறக்கவில்லை, பேசவும் ஆளில்லை என்ற நிலையில் உடைக்கலாம், கப்ரூனில் அதுதான் 12 பேருக்கு வழி கொடுத்தது. பத்து நிமிடம் ஏசி நின்றதற்கு அல்ல.

3 நவம்பர், காலை 6.45

டேப் ஒட்டிய பையன் என்ன ஆனான் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வேலையை விட்டு அனுப்பச் சொன்னார்கள். ஒன்பது நாள் கையெழுத்துப் போட்டவன் நான், என்னையும் சேர்த்து அனுப்புங்கள் என்றேன். விட்டுவிட்டார்கள். இப்போது வேறு ஊரில் வேறு சைட்டில் கேஸ் சோதனைதான் பார்க்கிறான், அவனுக்குக் கீழே நான்கு பேர். நேற்றுக் காலை ஷிஃப்டுக்கு முன்னால் மீட்டர் திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். 100 பிபிஎம் சிலிண்டர், திரையில் 98. சரியா இருக்கா சார் என்று கேட்டிருந்தான். சரியா இருக்கு, இறங்கு என்று பதில் போட்டேன்.